உடற்பயிற்சியும் நீர்ச்சமநிலை ஹார்மோன்களும்

உடற்பயிற்சியின்போது உடலின் நீர், உப்புச் சமநிலையைக் காக்கும் முக்கிய ஹார்மோன்கள் மூன்று. ஹைப்போதாலமசில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வெளிப்படுவது வாசோபிரஸின். வியர்வையில் உப்பைவிட நீரே அதிகம் வெளியேறுவதால் இரத்தம் செறிவடைகிறது. உடனே வாசோபிரஸின் உயர்ந்து, சிறுநீரகம் நீரைத் திரும்ப உறிஞ்சச் செய்கிறது. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாவது இதனால்தான். அட்ரீனல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் சிறுநீரிலும் வியர்வையிலும் சோடியம் வீணாவதைக் குறைக்கிறது. இதய மேலறைகள் விரியும்போது சுரக்கும் ஏ.என்.பி. என்ற மூன்றாம் ஹார்மோன், இதற்கு மாறாக உப்பை வெளியேற்றத் தூண்டுகிறது.

அடையாற்றை ஒட்டிய பொழிச்சலூர் போன்ற சென்னைப் புறநகர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிவதால் உடல் எளிதில் குளிர்வதில்லை, நீரிழப்பு கூடுகிறது. வெயிலில் படிப்படியாக 10 முதல் 14 நாள் பயின்றால் உடல் பழகும். வியர்வையின் உப்பு குறையும்.

தேவைக்கு மேல் நீர் குடிப்பதும் ஆபத்தே. நீண்ட ஓட்டத்தில் குமட்டல், வலி, மன அழுத்தம் ஆகியவையும் வாசோபிரஸினைத் தூண்டும். குடித்த நீர் வெளியேறாமல் தங்கி, இரத்த சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இக்குறை இருந்தது. முற்றினால் மூளை வீங்கி உயிரிழப்பும் நேரலாம்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நெடுநேரப் பயிற்சிக்குப் பின் உப்பிட்ட மோரே சோடியத்தை ஈடுசெய்ய ஏற்றது. மற்றபடி, தாகத்துக்கேற்பக் குடிப்பதே பாதுகாப்பு.