கட்டணமின்மையும் திறந்த சேர்க்கையும்: நியூயார்க் நகரப் பல்கலைக்கழக வரலாறு (1847–1976)

முன்னுரை

நியூயார்க் நகரில் கட்டணமில்லாக் கல்லூரிக் கல்வி 129 ஆண்டுகள் நிலவியது. ஆயினும், கட்டணமின்மையும் பள்ளியிறுதி முடித்த அனைவருக்கும் உறுதியான இடமும் ஒருசேர அமைந்தவை இறுதி ஆறு ஆண்டுகளே. இந்நிலைக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மதிப்பெண் வரம்பு

டௌன்சென்ட் ஹாரிஸின் முயற்சியால் 1847இல் நிறுவப்பெற்ற ‘ஃப்ரீ அகாடமி’ பின்னர் சிட்டி கல்லூரி எனப் பெயர்பெற்றது. குடியேறிய உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள், குறிப்பாக யூதர்கள், இதனால் பெரிதும் பயனடைந்தனர். 1961இல் நகரக் கல்லூரிகள் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன. விண்ணப்பங்கள் பெருகியபோது இடங்கள் அவற்றிற்கு ஈடாகப் பெருகவில்லை. எனவே மதிப்பெண் வரம்பு உயர்ந்தது. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர் பலர் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தாத பாடப்பிரிவுகளிலேயே பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். இதனால், கறுப்பினத்தவர் மிகுந்த ஹார்லெமில் அமைந்திருந்தும் சிட்டி கல்லூரியில் வெள்ளையின மாணவரே பெரும்பான்மையினராக இருந்தனர்.

1969 போராட்டமும் புதிய விதியும்

1969 ஏப்ரல் 22 அன்று கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் அக்கல்லூரியின் தெற்கு வளாக வாயில்களை மூடிப் போராடினர். நகரப் பள்ளிகளில் தம் இனத்தவர் பெற்றுள்ள விகிதம் கல்லூரிச் சேர்க்கையிலும் அமைய வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. 1975இல் தொடங்கத் திட்டமிட்டிருந்த திறந்த சேர்க்கையை நகர உயர்கல்வி வாரியம் 1970க்கு முன்கொணர்ந்தது. பள்ளிச் சராசரி 80 பெற்றோரும், தம் பள்ளியின் தரவரிசையில் முதற்பாதியில் நின்றோரும் நான்காண்டுக் கல்லூரிகளுக்குத் தகுதி பெற்றனர். ஏனையோர்க்கு ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகள் இடமளித்தன.

தரவரிசை விதி தனித்துக் கருதத்தக்கது. அது மாணவரை அவர்தம் பள்ளியில் உடன்பயின்றோருடனேயே ஒப்பிட்டது. எனவே பள்ளியின் வசதிக்குறைவு மாணவரின் குறையாகக் கணக்கிடப்படவில்லை. 1970இல் ஏறத்தாழ 35,000 பேர் முதலாண்டில் சேர்ந்தனர். இது முந்தைய ஆண்டைவிட 75 விழுக்காடு மிகுதி. போராடியோரின் இனத்தவர் மட்டுமன்றி, வெள்ளையின உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் பெருந்தொகையினராக இதில் அடங்குவர். அவர்களுக்கெனக் குறைதீர் கற்பித்தல் விரிவாக்கப்பட்டது. சிட்டி கல்லூரியில் மினா ஷாக்னஸி எழுத்துப் பயிற்சியில் மேற்கொண்ட பணி இதன் சிறந்த விளைவாகும். மாணவர் பிழைகளைத் திறனின்மையாகக் கொள்ளாமல், கற்றலின் படிநிலைகளாக அவர் விளக்கினார்.

நிதி நெருக்கடி

1975இல் நகரம் கடும் நிதி நெருக்கடிக்குள்ளானது. 1976இல் கல்விக் கட்டணம் விதிக்கப்பட்டது, ஆசிரியர் பலர் பணியிழந்தனர், சேர்க்கை குறைந்தது. மாநில உதவித்தொகை முழுநேர மாணவர்க்கே உரியதாக இருந்தமையால், வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் பயின்றோர் கட்டணச் சுமையை நேரடியாக ஏற்றனர். நான்காண்டுக் கல்லூரிகளில் குறைதீர் வகுப்புகளை நிறுத்தும் முடிவு 1999இல் உறுதிப்பட்டது.

முடிவுரை

கட்டணம் இல்லாதபோது மதிப்பெண் வரம்பு தடையாயிற்று. அவ்வரம்பு தளர்ந்தபின் கட்டணம் தடையாயிற்று. சேர்க்கை விதி, கட்டணம், கற்பித்தல் துணை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி நகரப் பள்ளி மாணவர்க்குக் கல்லூரி வாய்ப்பு நிலைபெறாது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.