பையில் ஒரே ஒரு தோட்டா... ஏர்போர்ட்டில் சிக்கினால் என்ன ஆகும்? வெளிநாடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸில் முறையாக விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து ஒருவர் துப்பாக்கி லைசென்ஸ் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே லைசென்ஸைக் காட்டி அவர் சிங்கப்பூருக்குத் துப்பாக்கி எடுத்துப்போக முடியுமா?

முடியாது. அந்த லைசென்ஸ் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். எல்லையைத் தாண்டிவிட்டால், அந்த நாட்டுச் சட்டத்தின் பார்வையில் அவர் அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர்.

துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், பையின் மூலையில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரு தோட்டாவுக்கு என்ன ஆகும்? ஸ்கேனரில் பயணியின் பையில் தோட்டா சிக்கியது என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, சிக்கினால் என்ன நடக்கும், எப்படித் தவிர்ப்பது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

எதெல்லாம் ஆயுதம்?

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் இதற்குள் வருகிறது. தோட்டாவின் பாகங்களையும் சேர்த்துத்தான் சட்டம் வரையறை தருகிறது.

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே பயன்படும் பொருட்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனால் அரிவாள்மனை வைத்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் விமானப் பாதுகாப்பு விதி வேறு. கையோடு கொண்டுபோகும் பையில் அரிவாள்மனையோ கத்தியோ இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள்.

இந்தியாவிலிருந்து துப்பாக்கியை வெளியே கொண்டுபோகவே முடியாதா?

வழி இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவு ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டுவருவது, வெளியே கொண்டுபோவது பற்றியது. பொதுவாக இதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆனால் சட்டப்படி ஆயுதம் வைத்திருப்பவர், சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் கொண்டுபோகவும் கொண்டுவரவும் இந்தப் பிரிவு இடம் தருகிறது. மத்திய அரசு அறிவித்த நாடுகளிலிருந்து வரும் உண்மையான சுற்றுலாப் பயணிகள், விளையாட்டுக்காக மட்டும் ஆயுதம் கொண்டுவரவும் விலக்கு உண்டு.

கஸ்டம்ஸ் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை அந்த ஆயுதத்தை அவர் பிடித்து வைக்கலாம்.

இதெல்லாம் இந்தியப் பக்கத்துக் கதை. போய் இறங்கும் நாடும் முன்கூட்டியே அனுமதி தந்திருக்க வேண்டும். வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். அதோடு, கொண்டுபோவதை விமான நிறுவனத்திடமும் கஸ்டம்ஸிடமும் நீங்களே முதலில் சொல்ல வேண்டும். இதைத்தான் ‘டிக்ளேர்’ செய்வது என்கிறார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்குத் துப்பாக்கியோடு போகும் வீரர்கள் எல்லாரும் இந்த வழியில்தான் போய் வருகிறார்கள்.

தெரியாமல் பையில் இருந்தால்?

பெரும்பாலானவர்கள் மாட்டுவது இங்கேதான். உறவினரிடம் இரவல் வாங்கிய பை, வேட்டைக்கோ துப்பாக்கி சுடும் பயிற்சிக்கோ பயன்படுத்திய பழைய பை, நினைவாக எடுத்து வைத்த காலித் தோட்டா, தோட்டா வடிவ சாவிக்கொத்து எனப் பல வழிகளில் இது நடக்கும். வேலூர், திருவண்ணாமலை பக்கம் ராணுவத்தில் இருந்தவர்கள் நிறைய. அந்த வீடுகளில் பழைய பைகளை ஒருமுறை உதறிப் பார்ப்பது நல்லது.

விமான நிலையத்தில் தோட்டா சிக்கினால், மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயணியை விசாரித்துவிட்டு உள்ளூர் போலீஸிடம் ஒப்படைப்பார்கள். பயணம் அங்கேயே நின்றுவிடும். லைசென்ஸ் இருந்தால் அதைக் காட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் ஆயுதச் சட்டத்தின் 3 மற்றும் 25-வது பிரிவுகளில் வழக்கு வரலாம்.

ஆனால் பையில் இருந்தாலே தண்டனை என்று சட்டம் சொல்லவில்லை. ‘தெரிந்தே வைத்திருந்தாரா?’ என்பதுதான் கேள்வி. 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆயுதம் தன்னிடம் இருக்கிறது என்ற அறிவு அந்த நபருக்கு இருந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இந்த அடிப்படையில், பையில் ஓரிரு தோட்டாக்களோடு சிக்கிய விமானப் பயணிகள் மீதான பல வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. 3-வது பிரிவு மீறலுக்காக ஒருவர் மீது வழக்கு நடத்த, மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி தேவை என்கிறது 39-வது பிரிவு. மாவட்டங்களில் அந்தப் பொறுப்பு கலெக்டருடையது. லைசென்ஸ் தரும் அதே நாற்காலிதான்.

சரி, வழக்கு ரத்தாகும்தானே என்று அலட்சியமாக இருக்க முடியுமா? ரத்தாகும்வரை வழக்கு வழக்குதான். விமான டிக்கெட் போகும். வேலையில் சேரும் தேதி தவறும். கோர்ட்டுக்கும் வழக்கறிஞருக்கும் அலைய வேண்டியிருக்கும். ‘தெரியாது’ என்பதை நம்ப வைக்க மாதங்கள் ஆகலாம், சில சமயம் வருடங்களும் ஆகலாம்.

தூத்துக்குடி கப்பல் வழக்கு நினைவிருக்கிறதா?

ஆயுதத்தோடு எல்லைக்குள் வருவது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அது ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பலின் வழக்கு.

2013 அக்டோபர் 12-ம் தேதி, தூத்துக்குடி அருகே கடலில் இந்தியக் கடலோரக் காவல் படை இந்தக் கப்பலைத் தடுத்து நிறுத்தியது. சியரா லியோன் நாட்டுக் கொடியோடு வந்த இது, அட்வன்ஃபோர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்கள் இதில் இருந்தார்கள். உள்ளே 35 துப்பாக்கிகளும் 5,600-க்கும் மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன.

கப்பலில் இருந்தவர்கள் 35 பேர். எஸ்டோனியாவைச் சேர்ந்தவர்கள் 14 பேர், இந்தியர்கள் 12 பேர், பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் 6 பேர், உக்ரைனைச் சேர்ந்தவர்கள் 3 பேர். அத்தனை பேரும் கைதானார்கள். வழக்கு கியூ பிரிவு போலீஸிடம் போனது.

ஆயுதங்கள் முறையாக வாங்கப்பட்டவை, ஆவணங்கள் இருக்கின்றன என்று அவர்கள் தரப்பு சொன்னது. இந்திய எல்லைக்குள் ஆயுதம் கொண்டுவர இந்தியாவின் அனுமதி எங்கே என்பது அரசுத் தரப்பின் கேள்வி.

அப்போதைய சூழ்நிலையும் முக்கியம். 2012 பிப்ரவரியில்தான் கேரளக் கடற்பகுதியில் ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலின் பாதுகாவலர்கள் சுட்டதில் 2 இந்திய மீனவர்கள் இறந்திருந்தார்கள். ஆயுதம் தாங்கிய வெளிநாட்டுக் கப்பல் என்றாலே மீனவ கிராமங்களில் பதற்றம் இருந்த நேரம் அது.

அதன் பிறகு வழக்கு போன பாதை இது:

• 2014 ஜூலை: ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. டீசல் வாங்கியது தொடர்பான குற்றச்சாட்டு மட்டும் நின்றது.

• 2015 ஜூலை: உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை மாற்றி, விசாரணையை 6 மாதங்களுக்குள் முடிக்கச் சொன்னது.

• 2016 ஜனவரி 11: தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் தலா 5 ஆண்டு கடுங்காவல் தண்டனையும் 3,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

• 2017 நவம்பர் 27: மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது.

கடைசியில் விடுதலைதான். ஆனால் அதற்கு 4 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடையில் ஜாமீனில் வந்தபோதும் வெளிநாட்டவர்களால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. பிரிட்டனில் இருந்த குடும்பங்கள் ‘சென்னை சிக்ஸ்’ என்ற பெயரில் அவர்களுக்காகப் பிரசாரமே நடத்தின.

மற்ற நாடுகளில் எப்படி?

தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் போகும் சிங்கப்பூரில் சட்டம் மிகக் கடுமை. அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டர்கூட அங்கே தடை செய்யப்பட்ட பொருள். பொம்மைத் துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு.

கரீபியன் கடலில் இருக்கும் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் நடந்தது இன்னும் பொருத்தமான உதாரணம். அங்கே சுற்றுலா போன அமெரிக்கர்கள் சிலர், பையில் கிடந்த தோட்டாக்களால் கைதானார்கள். அந்நாட்டுச் சட்டப்படி குறைந்தபட்சத் தண்டனையே 12 ஆண்டு சிறை! 2024-ல் இது பெரிய செய்தியானது. கடைசியில் நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை, அபராதம் என்று முடிந்தது. அதே ஆண்டு ஜூனில், சிறப்புச் சூழ்நிலைகளில் நீதிபதிகளே தண்டனையை முடிவு செய்யும்படி சட்டமும் திருத்தப்பட்டது.

அவர்களில் ஒருவருடைய பையில் இருந்த தோட்டாக்களை, கிளம்பிய விமான நிலையத்தில் கவனிக்கத் தவறிவிட்டதை அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பே ஒப்புக்கொண்டது. போகும்போது ஸ்கேனரில் மாட்டவில்லை, திரும்பி வரும்போது மாட்டினார். ‘இங்கேயே விட்டுட்டாங்களே, அங்கே என்ன கேட்கப் போறாங்க?’ என்று நினைக்கவே முடியாது.

இந்தியாவில் தண்டனை எவ்வளவு?

2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாயின. தடை செய்யப்பட்ட வகை ஆயுதம் வைத்திருந்தால் முன்பு 5 முதல் 10 ஆண்டு சிறை. இப்போது 7 முதல் 14 ஆண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய லைசென்ஸ் துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

• பையை முழுசா காலி செய்து, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பார்த்த பிறகு பேக் பண்ணுங்கள். இரவல் பை என்றால் கட்டாயம்.

• காலித் தோட்டா, தோட்டா வடிவ டாலர், துப்பாக்கி வடிவ லைட்டர், பொம்மைத் துப்பாக்கி எதையும் எடுத்துப்போகாதீர்கள். காலித் தோட்டாவுக்குச் சட்டத்தில் வாதம் இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தை நீங்கள் கோர்ட்டில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

• மற்றவர் தரும் பார்சலைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

• போட்டிக்காகத் துப்பாக்கி கொண்டுபோகிறவர்கள் இரு நாட்டு அனுமதியையும் விமான நிறுவனத்தின் ஒப்புதலையும் முன்பே வாங்க வேண்டும். துப்பாக்கி குண்டு நிரப்பாமல் செக்-இன் லக்கேஜில்தான் போக வேண்டும். தோட்டாக்கள், சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி ஒருவருக்கு மொத்தம் 5 கிலோவுக்கு மேல் கூடாது.

• பையில் ஏதோ இருக்கிறது என்று ஸ்கேனருக்கு முன்பே நினைவு வந்தால், மறைக்காமல் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே சொல்லுங்கள். கழிப்பறையில் போட்டுவிட்டுப் போவது விஷயத்தை இன்னும் மோசமாக்கும்.

வெளிநாட்டில் சிக்கிவிட்டால்?

கைதானதும் ‘எங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். 1963-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு தரும் உரிமை அது. புரியாத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் வேண்டும் என்று கேளுங்கள்.

ஊரில் இருக்கும் குடும்பத்தினர் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம். திருவண்ணாமலை மாவட்டக்காரர்கள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மனுவாகவும் கொடுக்கலாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், விமான டிக்கெட், கைதான இடம், தேதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.