தோட்டக்கலையும் தோட்டக்கூலியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில், சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது பர்லியார் பழப்பண்ணை. கோவைக் கலெக்டர் ஈ.பி. தாமஸ் ஆரம்பித்த தோட்டம். 1871இல் அரசு வாங்கியது. நூறு வருடம் கழித்து, 1971இல், கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வருகிறது. அதன்பின் தோட்டக்கலை தனிப் பட்டப்படிப்பாகிறது. 1990இல் பெரியகுளத்திலும் ஒரு கல்லூரி.

இடைப்பட்ட அந்த நூறு வருடம்தான் என் கேள்வி. தோட்டக்கலைக்கென்று தனிப் பட்டம் இல்லாத காலத்தில் இங்கே மங்குஸ்தானையும் ஜாதிக்காயையும் வளர்த்த அறிவு யாருடையது? ஜாதிக்காயில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதை போட்டு ஆறேழு வருடம் கழித்துப் பூத்தால்தான் எது என்ன என்று தெரியும். மங்குஸ்தான் விதை காய்ந்துபோனால் முளைக்காது. முளைத்தாலும் காய்க்க அதைவிட அதிகம் காத்திருக்கணும். கலெக்டர்கள் மாற்றலாகிப் போயிடுவாங்க. நிழல் கட்டி, தண்ணி ஊற்றி, எந்த மரம் எப்போது பூத்தது என்று நினைவில் வைத்திருக்கக் கூடியவர்கள் அங்கேயே கிடந்த கூலி ஆட்கள்தான். வரலாற்றில் தாமஸ் பெயர் நின்றது; இவர்கள் பெயர் நிற்கவில்லை.

மொழியே இந்தப் பிரிவினையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே தோட்டம். படித்தவருக்கு அது கலை, குனிந்து களையெடுப்பவளுக்குக் கூலி. கையறிவு பாடமாகும்போது அந்தக் கைக்குரியவர் வெளியே நிறுத்தப்படுகிறார். அவள் பேத்தி இன்று அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், உண்மைதான். ஆனால் ப்ளஸ் டூ மார்க் கேட்கும் அமைப்பு, பாட்டியிடம் அவள் கற்றதைக் கேட்பதில்லை.

பட்டப்படிப்பு வேணும். அதன் வரலாற்றைப் பர்லியாரின் கூலி ஆட்களிடமிருந்து எழுதத் தொடங்கணும்.