பரந்தனின் இருபக்கக் கணக்கு

உயர்தர இரசாயன மாணவர் கொப்பியில் பலமுறை எழுதிப் பழகும் அரைத்தாக்கச் சோடி ஒன்று உண்டு. உப்புக்கரைசலில் மின்னோட்டம் பாயும்போது அனோட்டில் இரண்டு குளோரைட்டு அயன்கள் இரண்டு இலத்திரன்களை இழந்து குளோரீன் வாயுவாகும். கதோட்டில் நீர் இரண்டு இலத்திரன்களை ஏற்று ஐதரசனையும் ஐதரொட்சைட்டையும் தரும். கரைசலில் தங்கிவிட்ட சோடியத்தோடு அந்த ஐதரொட்சைட்டு சேர்ந்ததுதான் எரிசோடா. கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இது வெறும் பரீட்சைக் கணக்கல்ல. ஆனையிறவு உப்பளத்துக்குத் தெற்கே, பரந்தனில், 1950களில் இதே சமன்பாடு தொழிற்சாலையாக எழுந்தது.

அது அங்கே வந்ததற்கு அரசியலே காரணம் என்பார்கள். 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரைக் காங்கேசன்துறைச் சீமெந்தோடும் வாழைச்சேனைக் கடதாசியோடும் பரந்தனோடும் சேர்த்துச் சொல்வது வழக்கம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அமைச்சரால் காணி ஒதுக்க முடியும், விகிதத்தை மாற்ற முடியாது. 117 கிலோ உப்பு முழுதும் பகுபட்டால் 80 கிலோ எரிசோடாவும் 71 கிலோ குளோரீனும் 2 கிலோ ஐதரசனும் வரும். சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் எரிசோடா நிறைய வேண்டும், குளோரீன் கொஞ்சம் போதும் என்று எந்த முகாமையாளரும் மின்பகுப்புக் கலத்துக்குக் கட்டளையிட முடியாது. அனோட்டில் இழந்த இலத்திரன்தான் கதோட்டில் ஏற்கப்படுகிறது. குளோரீனோ நச்சு வாயு. நெல்லைப் போல மூட்டை கட்டி அடுக்க முடியாது, வெளியே திறந்துவிடவும் முடியாது. அதை வாங்க ஆள் கிடைக்காத நாளில் எரிசோடாவும் நிற்கும். பரந்தனின் வரலாற்றை உப்பு, வேலைவாய்ப்பு, அமைச்சு என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பிணைப்பைத் தவறவிடுகிறார்கள்.

இலத்திரனைக் கண்ணால் கண்டவர் யார், அரைத்தாக்கம் தாளில் நாமே பிரித்து எழுதும் வசதிதானே என்று ஒருவர் கேட்கலாம். பிரித்து எழுதுவது நம் வசதிதான், எண்ணிக்கை அப்படியல்ல. ஒரு தொன் எரிசோடாவுக்கு ஏறக்குறைய 6,70,000 ஆம்பியர்-மணி மின்னேற்றம் பாய்ந்தே ஆக வேண்டும். நல்ல கலம் வோல்ற்றளவைக் குறைத்து மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும். இந்த எண்ணை அது குறைக்காது.

வலுவான மறுப்பு வேறு: ஆலையை மூடியது விகிதமல்ல, உள்நாட்டு யுத்தம். 1980களின் நடுவில் உற்பத்தி நின்றதற்கு அதுவே காரணம். அந்த இடிபாட்டை இரசாயனத்தால் விளக்குவது அபத்தம். ஆனால் பிறகு நடந்ததை விளக்கலாம். பரந்தன் என்ற பெயரைச் சுமந்த அரச நிறுவனம் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கான திரவக் குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்கி விநியோகிக்கும் நிலைக்கு வந்தது. கலத்தில் பிரிக்க முடியாத சோடியைக் கப்பல் பிரித்துவிட்டது. இங்கே வருவது அனோட்டுப் பக்கம் மட்டும். அதே இலத்திரன்களால் கதோட்டில் உண்டான எரிசோடா அந்த வெளிநாட்டு ஆலையின் வரவில் ஏறுகிறது.