மூலமும் விளைவும் பிரிந்த வரலாறு: ‘மேக்’ விதிகளில் தனி வெளியீட்டுக் கோப்புறை

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ கருவியை எழுதியதற்குக் காரணம் ஒரு வீணான காலைப்பொழுது. அவருடைய சகாவான ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே திருத்திவிட்ட நிரலில் நெடுநேரம் பிழை தேடிக்கொண்டிருந்தார். திருத்திய கோப்பு மீண்டும் கம்பைல் ஆகவில்லை, அவ்வளவுதான். ஃபெல்ட்மன் தந்த தீர்வு கோப்புகளின் நேரமுத்திரையை ஒப்பிடுவது: விளைவைவிட மூலம் புதியதாயின் மறுபடி கட்டு.

இந்த எளிய விதி, மூலக் கோப்பும் அதிலிருந்து பிறக்கும் ஆப்ஜெக்ட் கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது. ஒரே கணினியில் வேலை செய்தவரை அது உறுத்தவில்லை. 1980களில் யூனிக்ஸ் பல வகைக் கணினிகளுக்குப் பரவி, வலையமைப்பு வழியாக அவையெல்லாம் ஒரே மூலத்தைப் பகிர்ந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. வாக்ஸ் கணினிக்காகக் கட்டிய ஆப்ஜெக்ட் கோப்பு புதியதாக இருப்பதைப் பார்த்து, சன் கணினியிலும் வேலை முடிந்துவிட்டதாக ‘மேக்’ முடிவு செய்துவிடும். நேரமுத்திரைக்கு எந்திரத்தின் இனம் தெரியாது. எனவே ஒவ்வொரு வகைக் கணினியின் விளைவுக்கும் தனிக் கோப்புறை என்பது ஒழுங்குக்காக வந்த அலங்காரம் அன்று. விதி பிழைபடாமலிருக்க வேண்டிய நிபந்தனை.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் ‘மேக்’கில், கோப்புகளைத் தேட வேண்டிய பாதைகளைச் சொல்லும் ‘விபாத்’ என்ற மாறி வந்தது. அங்கே அது ஆவணப்படுத்தப்படவில்லை, 4.3 பிஎஸ்டியின் கையேட்டில்தான் விளக்கம் கிடைத்தது. இந்த வரலாற்றின் பெரும் குழப்பமும் இங்குதான் தொடங்குகிறது. மூலக் கோப்புறையில் நின்றுகொண்டு, வெளியே கிடக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளை விபாத் கொண்டு தேடப் பலர் முயன்றார்கள். இன்னும் உருவாகாத கோப்பை எந்தப் பாதையில் தேடினாலும் கிடைக்காது. குனு மேக்கைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் பால் ஸ்மித் இதைத் தெளிவாக வகுத்தார்: வெளியீட்டுக் கோப்புறையில் நின்று மூலத்தைத் தேடுவதற்கே விபாத், மூலத்தில் நின்று விளைவைத் தேடுவதற்கு அன்று. குனு திட்டங்களின் ‘கான்ஃபிகர்’ நிரலும் இதே திசையில்தான் இயங்குகிறது. ஜிசிசியைக் கட்டும் வழிகாட்டியும் தனிக் கோப்புறையை வலியுறுத்துகிறது.

நிற்கும் இடத்தை மாற்றினால் மட்டும் போதாது, விதிகளையும் திருத்த வேண்டும். விபாத் முன்தேவையின் (விளைவு சார்ந்திருக்கும் கோப்பின்) பாதையைக் கண்டுபிடித்தாலும், விதியின் உடலில் நேரடியாக எழுதிய கோப்புப் பெயரைத் தொடாது. அங்கே $<, $^ போன்ற தானியங்கு மாறிகளே வேண்டும். அடுத்தது நுட்பமானது. வெளியீட்டுக் கோப்புறையைச் சாதாரண முன்தேவையாக எழுதினால், அதனுள் ஒவ்வொரு கோப்பும் பிறக்கும்போது கோப்புறையின் நேரமுத்திரை மாறும். காரணமின்றி எல்லாம் மறுபடி கட்டப்படும். 2002இல் வந்த குனு மேக் 3.80, ‘வரிசைக்கு மட்டும்’ எனும் முன்தேவையைச் சேர்த்து இதைத் தீர்த்தது. ஒரு செங்குத்துக் கோட்டுக்குப் பின் எழுதும் முன்தேவை முதலில் இருக்க வேண்டும், ஆனால் அதன் வயது கணக்கில் வராது. என் பார்வையில், விபாத்துக்குப் பிறகு இத்துறையில் நிகழ்ந்த மிகப் பயனுள்ள மாற்றம் இதுவே.

மூல மரத்தில் பழைய ஆப்ஜெக்ட் கோப்பு மிச்சமிருந்தால் விபாத் அதையே பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. லினக்ஸ் கருவகத்தை ‘ஓ=’ என்று தனிக் கோப்புறையில் கட்டச் சொல்லும்போது, மூல மரம் சுத்தமில்லையெனில் அது கட்ட மறுத்துவிடும்.

இலங்கைக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 2004 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த சந்திப்பில் கருக்கொண்ட அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற ஜாவா மென்பொருள், ‘மேவன்’ என்ற கட்டுமானக் கருவி கொண்டு கட்டப்பட்டது. மேவனில் விளைவுகள் ‘டார்கெட்’ கோப்புறைக்குள் செல்வது இயல்பிருப்பு. யாரும் விதி எழுத வேண்டியதில்லை. சி மொழியில் அந்த வசதி தானாக வராது. கோணேசபுரியிலுள்ள திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கும் மாணவர் தம் மேக்ஃபைல் சரியா என்று அறியக் குனு உலகின் ‘டிஸ்ட்செக்’ ஒரு நல்ல சோதனை காட்டுகிறது: மூலக் கோப்புறையின் எழுதும் அனுமதியை நீக்கிவிட்டு, வேறொரு வெற்றுக் கோப்புறையிலிருந்து கட்டிப் பார்ப்பது. மூலத்துக்குள் எழுத முயலும் விதி முதல் ஓட்டத்திலேயே அகப்பட்டுவிடும்.