துணியா, சுவரா? காருக்குப் பின்னால் ஓடும் வீட்டின் கதை

வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் இது நூறு ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், குடும்பம் குடும்பமாக ஒரு டிரெய்லரைக் காரில் கட்டிக்கொண்டு மலைக்கும் ஏரிக்கும் காட்டுக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். ஓட்டல் வாடகை மிச்சம். சமையலும் சொந்தம், படுக்கையும் சொந்தம்!

ஆனால் முதன்முதலாக டிரெய்லர் வாங்கப் போகும் குடும்பம் கடை வாசலிலேயே ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்ளும். பாப்-அப் கேம்பரா? ஹைபிரிட் டிரெய்லரா?

பாப்-அப் என்பது மடக்கு வண்டி. சாலையில் போகும்போது தாழ்வான ஒரு பெட்டி போல இருக்கும். இடம் போய்ச் சேர்ந்ததும் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். இரண்டு பக்கமும் படுக்கைகளை வெளியே இழுக்க வேண்டும். சுற்றுச்சுவர் முழுக்கக் கேன்வாஸ் துணி. எடை பெரும்பாலும் 700 கிலோவிலிருந்து 1,400 கிலோ வரை.

ஹைபிரிட் என்பது கலப்பு வண்டி. நடுப்பகுதி சாதாரண டிரெய்லர் போலக் கெட்டியான சுவரும் கூரையும் கொண்டது. உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, குளியலறை எல்லாம் நிலையாக இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் உள்ள கதவுகளை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் அவை படுக்கைப் பலகையாக மாறும். அந்தப் படுக்கைகளுக்கு மேல் மட்டும் துணிக்கூடாரம். எடை பெரும்பாலும் 1,600 கிலோவைத் தாண்டும்.

எதை வாங்குவது? இந்தக் கேள்வி ஏதோ இன்று நேற்று வந்தது போலத் தோன்றும். உண்மையில் இது கார் பிறந்த காலத்திலிருந்தே வருகிற கேள்வி. துணியா, சுவரா என்பதுதான் அது. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு விடை சொன்னது டிரெய்லர் அல்ல, அதை இழுத்த கார்!

துணியின் காலம்

1908-ல் ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை 850 டாலருக்கு விற்க ஆரம்பித்தார். 1925-ல் அதன் விலை 260 டாலராகக் குறைந்தது. சாதாரணத் தொழிலாளியும் விவசாயியும் கார் வாங்கினார்கள். கார் வந்தபின் ஊர் சுற்றும் ஆசை வராமல் இருக்குமா? 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் "டின் கேன் டூரிஸ்ட்ஸ்" என்ற சங்கமே தொடங்கப்பட்டது. காரிலேயே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு குளிர்காலத்தில் தெற்கு நோக்கி வந்தவர்களின் சங்கம் அது.

ஆனால் மாடல் டி காரின் இன்ஜினுக்கு இருந்த வலு வெறும் 20 குதிரைத்திறன். அது ஒரு மரவீட்டை இழுத்துக்கொண்டு மலை ஏறுமா? விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே இருக்க முடியும்! எனவே அன்றைய டிரெய்லர்கள் பெரும்பாலும் இரண்டு சக்கரம் வைத்த மரப்பெட்டிகள். உள்ளே மடித்து வைத்த கூடாரம், இரு பக்கமும் விரியும் கட்டில்கள். இன்றைய பாப்-அப் வண்டியின் பாட்டன் இதுதான்.

ஒரு மழை இரவு

1929-ல் டெட்ராய்ட் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்பவர் இப்படி ஒரு மடக்கு வண்டி வாங்கினார். நுண்ணுயிரியல் படித்தவர், ஒரு மருந்து நிறுவனத்தின் தலைவர். "தண்ணீர் புகாத வீடு, ஐந்தே நிமிடத்தில் விரிக்கலாம்" என்பது விளம்பரம். குடும்பத்தோடு போன இடத்தில் எவ்வளவு போராடியும் ஐந்து நிமிடத்தில் அது விரியவில்லை. போதாக்குறைக்கு அன்று இரவு இடியோடு மழை வேறு!

ஷெர்மன் ஊர் திரும்பினார். ஒரு தச்சரைப் பிடித்துத் தன் விருப்பப்படி ஒரு வண்டி செய்யச் சொன்னார். ஆறடி அகலம், ஒன்பது அடி நீளம். சுற்றிலும் கெட்டிச் சுவர். உள்ளே அலமாரி, அடுப்பு, ஐஸ் பெட்டி. விரிக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம், கதவைத் திறந்து உள்ளே போனால் போதும். அதற்கு "கவர்டு வேகன்" என்று பெயர் வைத்தார்கள்.

1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதை 400 டாலர் விலைக்கு வைத்தார். கண்காட்சி முடிவதற்குள் 118 வண்டிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. 1936-ல் அவருடைய நிறுவனம்தான் அமெரிக்காவின் மிகப்பெரிய டிரெய்லர் நிறுவனம். அந்த ஆண்டு விற்றது சுமார் 6,000 வண்டிகள், வரவு சுமார் 30 லட்சம் டாலர். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஷெர்மனின் கெட்டிக்காரத்தனம் மட்டும்தான் காரணமா? இல்லை. கார்களும் மாறியிருந்தன. 1932-ல் வந்த ஃபோர்டு வி-8 காரின் வலு 65 குதிரைத்திறன். மாடல் டி காரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! இழுக்க ஆள் இருந்ததால்தான் சுவர் வந்தது. 1930-களின் முடிவில் துணி டிரெய்லர்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. அமெரிக்கர்களில் பாதிப்பேர் இன்னும் இருபது ஆண்டுகளில் டிரெய்லரில்தான் வசிப்பார்கள் என்றுகூடப் பொருளாதாரக் கணிப்பாளர் ரோஜர் பாப்சன் சொன்னார். அது நடக்கவில்லை என்பது வேறு கதை.

துணி திரும்பி வந்தது

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் குழந்தைகள் பெருகின. 1956-ல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்து சாலைகள் அகன்றன. இளம் குடும்பங்களுக்கு ஊர் சுற்ற ஆசை இருந்தது, பெரிய டிரெய்லர் வாங்கத்தான் பணமில்லை. துணி மறுபடியும் தலைதூக்கியது.

1968-ல் இந்தியானா மாநிலத்தின் மிடில்பரி அருகே லாயிட் பான்ட்ரேகர் என்பவர் தன் பண்ணையின் கோழிக் கொட்டகைகளில் ஜேகோ நிறுவனத்தைத் தொடங்கினார். கூரையைச் சிரமமில்லாமல் உயர்த்தும் ஒரு தூக்கி அமைப்பை அவர் வடிவமைத்திருந்தார். முதல் ஆண்டில் 132 வண்டிகள் தயாராயின. ஷெர்மனை அழவைத்த அந்த "ஐந்து நிமிட" விஷயத்துக்குத்தான் இவர் விடை தேடினார் எனலாம். அதே காலத்தில் விளக்கும் அடுப்பும் விற்றுப் பேர் வாங்கிய கோல்மேன் நிறுவனமும் மடக்கு வண்டிகள் செய்ய இறங்கியது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் சுமார் நான்கு மடங்கானது. 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. கார்கள் சிறுத்தன. சிறிய கார் எதை இழுக்கும்? லேசானதைத்தான். அது மட்டுமல்ல, மடக்கிய பாப்-அப் காரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் காற்று எதிர்ப்பு குறைவு. பெட்ரோலும் மிச்சம்.

கலப்பு வண்டி பிறந்தது

1990-ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விற்பனைக்கு வந்தது. தொடர்ந்து அமெரிக்கச் சாலைகளை எஸ்.யு.வி. கார்கள் நிறைத்தன. தேவையான இணைப்புகளோடு ஒரு மினிவேன் இழுப்பது சுமார் 1,600 கிலோ. நடுத்தர எஸ்.யு.வி.யோ 2,200 கிலோ வரை இழுக்கும். இந்த இடைவெளிக்குள் பொருந்துகிற மாதிரி 1990-களின் பிற்பகுதியில் ஹைபிரிட் டிரெய்லர்கள் வரத் தொடங்கின. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அதுதான் இது! சுவரும் வேண்டும், எடையும் கூடக்கூடாது. படுக்கைகளைத் துணிக்குள் வெளியே தள்ளிவிட்டால் குட்டை வண்டியிலேயே ஆறேழு பேர் படுக்கலாம்.

2008-ல் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது, நிதி நெருக்கடியும் சேர்ந்தது. டிரெய்லர் தொழிலின் தலைநகரான இந்தியானாவின் எல்கார்ட் பகுதியில் வேலையின்மை 15 சதவீதத்தைத் தாண்டியது. 2009 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமாவே அங்கு போனார். கோல்மேனின் மடக்கு வண்டித் தொழிலை 1989-ல் வாங்கியிருந்த ஃப்ளீட்வுட் நிறுவனம் 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. வேறு கைக்கு மாறியிருந்த அதன் பென்சில்வேனியா மடக்கு வண்டி ஆலையும் 2011-ல் மூடப்பட்டது.

சரி, எதை வாங்குவது?

இந்த வரலாறு முதலில் சொல்வது, டிரெய்லரைப் பார்ப்பதற்கு முன் காரைப் பாருங்கள் என்பதுதான். கார் எத்தனை கிலோ இழுக்கும் என்பது அதன் கையேட்டிலேயே இருக்கும். டிரெய்லர் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் காலி எடை. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ கூடிவிடும். கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், துணிமணி எல்லாம் அதற்கு மேல். எனவே பார்க்க வேண்டியது அனுமதிக்கப்பட்ட முழு எடையை. அந்தக் கணக்கில் தோற்றால் மலைச்சரிவில் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

இரண்டாவது, பணக்கணக்கு. ஒரு பேச்சுக்கு, 20,000 டாலருக்கு வாங்கிய ஹைபிரிடை ஐந்து ஆண்டு கழித்து 10,000 டாலருக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்து இரவு என்றால் மொத்தம் 50 இரவு. தேய்மானம் மட்டும் ஓர் இரவுக்கு 200 டாலர்! காப்பீடு, பழுது, முகாம் வாடகை எல்லாம் தனி. பாதி விலையில் கிடைக்கும் பாப்-அப் என்றால் அந்த நஷ்டமும் பாதி. வீட்டு கராஜுக்குள்ளேயே நிறுத்தலாம் என்பதால் நிறுத்துமிட வாடகையும் இல்லை.

அப்படியானால் ஹைபிரிட் வீணா? இல்லை. வழியில் எங்கு நிறுத்தினாலும் எதையும் விரிக்காமல் சமைக்கலாம், குழந்தைகளைக் கழிப்பறைக்கு அனுப்பலாம். மழை நாளில் சுவருக்குள் உட்கார்ந்திருக்கலாம். கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு இது சின்ன வசதி அல்ல.

ஆனால் துணியிலிருந்து தப்பிக்க நினைத்து ஹைபிரிட் வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். துணி அங்கும் இருக்கிறது, அதுவும் தூங்குகிற இடத்திலேயே! ஈரத்தோடு மடக்கினால் ஓரிரு நாளில் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடிகளின் நடமாட்டம் காரணமாகக் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. கரடிக்கு அது பாப்-அப் துணியா, ஹைபிரிட் துணியா என்ற வித்தியாசம் தெரியுமா என்ன?

ஆகவே துணியே ஆகாது என்பவர்களுக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. ஷெர்மன் போன வழியில், முழுச் சுவர் வண்டிக்குத்தான் போக வேண்டும். துணியைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பவர்களுக்குத்தான் பாப்-அப்பா ஹைபிரிடா என்ற கேள்வியே எழுகிறது. அதற்கான விடையில் பாதி காரின் கையேட்டில் இருக்கிறது. மீதியைக் கடைக்காரர் முன்னிலையில் குடும்பமே சேர்ந்து ஒருமுறை வண்டியை விரித்து மடக்கிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். கையில் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது. 1929-ல் ஷெர்மன் செய்யாமல் விட்டது அதைத்தான்!