முகமூடிக்கு நாள் கூலி 25 டாலர்

2023 மார்ச் 13, திங்கட்கிழமை காலை. ஊரே ‘நாட்டு நாட்டு’வுக்காக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, எங்கள் வீடு உட்பட. அந்த அறிவிப்பு வருவதற்கு ரொம்ப முன்னாடியே, சிறந்த துணை நடிகை என்று ஜேமி லீ கர்ட்டிஸ் பெயரைச் சொன்னதும் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். “என்னடி ஆச்சு? யாரு அந்தப் பாட்டி?”

பாட்டி மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகத் தான் நடித்த ஜானர் படங்களை ஆதரித்த லட்சக்கணக்கான பேருக்கும் சேர்த்துத்தான் இந்த ஆஸ்கர் என்றார். ஜானர் படம் என்று அவர் நாகரிகமாகச் சொன்னதில் பாதி ஸ்லாஷர் படங்கள். முகமூடி போட்ட ஒருத்தன், கையில் ஒரு கத்தி, ஒவ்வொருத்தராகச் சாகும் இளசுகள், கடைசியில் மிஞ்சும் ஒரு பெண். அந்த லட்சத்தில் நானும் ஒருத்தி. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? “அவங்க பாட்டி இல்லம்மா, ஸ்வெட்டர் பின்னுற ஊசியால கொலைகாரன் கழுத்துல குத்துன பொண்ணு” என்றேன். அம்மா காபியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாவது படிக்கும்போது பெரியப்பா பையன் பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த டிவிடியில்தான் ‘ஹாலோவீன்’ பார்த்தேன். ஒரே தட்டில் நாலு படம், பிரிண்ட் படு மட்டம். மதியம் மூன்று மணி, ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, தெருவில் வெள்ளரிக்காய் விற்கிற சத்தம். ஆனாலும் வேலிச் செடிக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை முகம் சும்மா நின்றபோது எனக்கு வயிறு கலங்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

காலேஜ் ஹாஸ்டலில் ரூம்மேட் ஒருத்தி நேராகவே கேட்டாள்: “பொண்ணா இருந்துக்கிட்டு, பொண்ணுங்கள வெட்டுற படத்த எப்படிடி ரசிக்கிற?” அப்போது மழுப்பினேன். பிறகு பதில் தேடித்தான் இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன, யார் நடித்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

ஜேமி லீ கர்ட்டிஸின் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். 1960ல் வந்த ‘சைக்கோ’வில் குளியலறையில் கொல்லப்பட்ட ஜேனட் லீ. திரையில் முக்கால் நிமிஷம் ஓடும் அந்தக் காட்சியை ஹிட்ச்காக் எடுக்க ஏழு நாள் ஆனது. ரத்தம் என்று நாம் பார்ப்பது சாக்லேட் சிரப்; கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அது போதுமாயிருந்தது. அந்த வேடத்துக்கு ஜேனட் லீ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 62 வருஷம் கழித்து மகள் வாங்கினார். நான் அழுததில் இந்தக் கணக்கும் உண்டு.

ஆனால் ‘சைக்கோ’வில் எல்லாருக்கும் முகம் இருந்தது. முகத்தை மூடிய முதல் பெரிய ஆள், 1974ல் வந்த ‘டெக்ஸாஸ் செயின்சா மாசக்கர்’ படத்தின் லெதர்ஃபேஸ். ஐஸ்லாந்தில் பிறந்து டெக்ஸாஸில் வளர்ந்த கன்னர் ஹான்சன்தான் அந்த ராட்சசன். 1973 கோடையில் ஷூட்டிங். ஒரே ஒரு செட் உடைதான், சாயம் போய்விடும் என்று துவைக்கவே விடவில்லை. நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவே மாட்டார்களாம். சாப்பாட்டு மேசைக் காட்சியை, ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு, அழுகிக்கொண்டிருந்த இறைச்சிக்கும் எலும்புகளுக்கும் நடுவே, இருபத்தைந்து மணி நேரத்துக்கும் மேலாக ஒரே மூச்சில் எடுத்தார்கள். அதில் கதாநாயகி மெர்லின் பர்ன்ஸின் விரலை வெட்ட வேண்டும். போலி ரத்தம் வரவேண்டிய குழாய் மறுபடி மறுபடி வேலை செய்யவில்லை. பொறுமையிழந்த ஹான்சன் கத்தியில் ஒட்டியிருந்த பாதுகாப்பு டேப்பை எடுத்துவிட்டு நிஜமாகவே வெட்டிவிட்டார். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்த பிறகு அந்தக் காட்சியை நான் பழையபடி பார்க்கவில்லை. படம் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. பணம் விநியோகக் கம்பெனியோடு போய்ச் சேர்ந்தது. நடித்தவர்களின் பங்காக முதலில் வந்த காசோலை ஐம்பது டாலரைக்கூடத் தொடவில்லை. பயங்கரம் என்று நாம் ரசித்ததில் ஒரு பகுதி, அந்த ஊர் வெயிலில் சிலர் நிஜமாகவே பட்ட பாடு.

‘ஹாலோவீன்’ நாலு வருஷம் கழித்து வந்தது. ஜான் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் எழுதிய கதை, சுமார் 3 லட்சம் டாலர் பட்ஜெட். கதையில் இலையுதிர் காலம். எடுத்ததோ கலிஃபோர்னியாவின் வசந்தத்தில். காய்ந்த இலைக்கு எங்கே போவது? பெயின்ட் அடித்த இலைகளைத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டு, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி கொட்டினார்கள். முகமூடியும் கடையில் வாங்கியதுதான். ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க்கின், அதாவது வில்லியம் ஷாட்னரின் முகம். விலை 2 டாலருக்கும் குறைவு. கிருதாவைப் பிய்த்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை ஸ்ப்ரே அடித்ததும் உலகத்தின் மிகக் கொடூரமான முகம் ரெடி.

அந்த முகமூடிக்குள் நடந்தவர் நிக் காஸில். கார்பென்டரின் ஃபிலிம் ஸ்கூல் தோழர். டைரக்‌ஷன் கற்றுக்கொள்ள செட்டில் சும்மா இருக்கலாம் என்று வந்தவருக்கு ஒரு நாளைக்கு 25 டாலர் கூலி. எப்படி நடிப்பது என்று கேட்டதற்கு, சும்மா நட என்பதுதான் கார்பென்டர் சொன்ன பதில். அவரும் நடந்தார். ஒருவனைக் கத்தியால் சுவரோடு அறைந்துவிட்டு, ஓவியம் பார்க்கிறவனைப் போலத் தலையை லேசாகச் சாய்த்துப் பார்ப்பாரே, அந்தச் சாய்ப்பில்தான் மொத்த மைக்கேல் மையர்ஸும் இருக்கிறான். டைட்டிலில் அவர் வேடத்துக்குப் பெயர்கூட இல்லை, ‘உருவம்’ என்று மட்டும் இருக்கும். முகமூடி கழன்று முகம் தெரியும் ஒரு கணத்தில் வருவதும் அவர் அல்ல, இன்னொரு நடிகர். 2007ல் ராப் ஸோம்பி இதை மறுபடி எடுத்தபோது மைக்கேலுக்கு மோசமான குழந்தைப் பருவம் ஒன்றைக் கொடுத்தார். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. காரணம் தெரிந்தால் பயம் எங்கே இருக்கும்?

நாயகிக்குச் சம்பளம் 8,000 டாலர், கர்ட்டிஸுக்கு அப்போது 19 வயது. முதல் நாள் ஷூட்டிங் முடிந்து, தன்னைத் தூக்கிவிடப் போகிறார்கள் என்று பயந்து உட்கார்ந்திருந்தாராம். கார்பென்டரிடமிருந்து போன் வந்தது, பாராட்டுவதற்காக. அமெரிக்காவில் மட்டும் படம் சுமார் 4.7 கோடி டாலர் வசூலித்தது.

அதே 1978 அக்டோபரில்தான் இங்கே ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. கொலைகாரனுக்குக் கமல்ஹாசனின் முகம். ஊரே காதலித்த முகம். பயமே அதில்தான் இருந்தது. வீட்டுக்குள் உண்மையைத் தெரிந்துகொண்டு ஓடுகிறாரே ஸ்ரீதேவி, அவரும் ஒரு கடைசிப் பெண்தான். ஆனால் முடிவில் அதே ஆளைச் சிறையில் போய்ப் பார்க்கிறாள் நம் நாயகி. ‘ஹாலோவீன்’ லாரி ஒருநாளும் அப்படிப் போக மாட்டாள். ரூம்மேட் கேட்ட கேள்விக்கு என் பாதிப் பதில் இங்கேதான் கிடைத்தது. சாகிற பெண்களைப் பார்க்க நான் உட்காரவில்லை. அந்த ஒருத்தி ஊசியை எடுக்கும் இடத்துக்காகக் காத்திருக்கிறேன். கரோல் க்ளோவர் என்ற ஆய்வாளர் 1987ல் எழுதிய கட்டுரையில், தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன்களும் கடைசியில் அந்தப் பெண்ணோடு சேர்ந்துதான் பயப்படுகிறார்கள், அவளாக மாறித்தான் திருப்பி அடிக்கிறார்கள் என்று வாதிட்டார். படித்தபோது யாரோ எனக்காக வக்கீல் வைத்த மாதிரி இருந்தது.

மீதிப் பாதிதான் சிக்கல்.

1980ல் ‘ஃப்ரைடே தி தர்டீன்த்’ வந்தது. கதை எழுதும் முன்பே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தொடங்கிய படம். ரத்தத்துக்குப் பொறுப்பு டாம் சவீனி. வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக நிஜமான பிணங்களைக் கேமரா வழியாகப் பார்த்தவர். கழுத்தில் அம்பு பாய்ந்து சாகும் இளைஞர் கெவின் பேகன்; கட்டிலுக்குக் கீழே மண்டியிட்டு, தலையை மட்டும் மேலே நீட்டியிருப்பார். ரத்தம் பீய்ச்சும் பம்ப் கடைசி நொடியில் கழன்றுவிட, சவீனியின் உதவியாளர் குழாயை வாயில் வைத்து ஊதிவிட்டார். பார்க்கும்போது அது தெரியாது. தெரிந்த பிறகு சிரிப்பு வரும்.

இந்தப் படத்தில் கொலைகாரி ஓர் அம்மா. நடித்தவர் பெட்சி பால்மர். கதை குப்பை என்று நினைத்தார். ஆனால் அவருடைய கார் ரிப்பேராகிக் கிடந்தது. நாளுக்கு 1,000 டாலர் வீதம் பத்து நாள் வேலை, புதுக் கார் வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டார். விமர்சகர் ஜீன் சிஸ்கெல் கொதித்துப்போய், படத்தின் முடிவைத் தன் விமர்சனத்தில் போட்டு உடைத்ததோடு, பால்மரின் ஊரையும் எழுதி, கண்டனக் கடிதம் அனுப்பச் சொன்னார். அந்த ஊர்ப் பெயரையும் தப்பாகப் போட்டார் என்பது வேறு விஷயம். சிஸ்கெலும் ரோஜர் ஈபர்ட்டும் சேர்ந்து பெண்களைக் கொல்லும் படங்களுக்கு எதிராகத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சியே நடத்தினார்கள். அவர்களுடைய கோபத்தை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. ஆனால் பெண்களுக்காகப் பேசக் கிளம்பியவர், காருக்காக வேலை செய்த ஒரு நடிகையின் ஊரைப் பொதுவில் போட்டதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அந்தப் படத்தின் கடைசிப் பெண் ஏட்ரியன் கிங். திரையில் தப்பித்தார். படம் ஓடிய பிறகு நிஜத்தில் ஒரு ரசிகன் அவரைப் பின்தொடர ஆரம்பித்தான். மாதக்கணக்கில். இரண்டாம் பாகத்தில் தன் பங்கைச் சுருக்கிக்கொண்டார். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவருடைய பாத்திரம் கொல்லப்படும். பல வருஷங்கள் கேமரா முன்னால் வராமல், முகம் தெரியாமல் குரல் கொடுக்கும் வேலையைச் செய்தார். முகமூடிக்குள் இருந்தவர்களின் முகம் யாருக்கும் தெரியாது, அவர்கள் நிம்மதியாகக் கடைக்குப் போகலாம். ஓடி ஒளிய வேண்டியிருந்தது முகம் தெரிந்த பெண்தான். நானும் ரசிகைதான், அவனும் ரசிகன் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான். இதற்கு க்ளோவரின் கட்டுரையில் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பின்னாளில் அவர் ரசிகர் கூட்டங்களுக்குத் திரும்பி வந்தார். அந்தத் தைரியத்தை எந்தக் கடைசிப் பெண்ணும் திரையில் காட்டவில்லை.

எண்பதுகளில் தொடர்ந்து வந்தவை பாதி குப்பை, பேச வேண்டாம். 1984ன் ‘நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ தனி. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த அகதிகள் சிலர் தூக்கத்திலேயே இறந்துபோன பத்திரிகைச் செய்திகளிலிருந்து வெஸ் க்ரேவன் உருவாக்கிய கதை. ஃப்ரெடியாக நடித்த ராபர்ட் இங்லண்டுக்கு முகமூடி கிடையாது, மேக்கப்தான்; அதனால் அவர் பேசினார், கிண்டலடித்தார், நட்சத்திரமானார். 1992ன் ‘கேண்டிமேன்’ படத்தில் டோனி டாட் நிஜத் தேனீக்களை வாயில் வைத்து நடித்தார். ஒரு கொட்டுக்கு 1,000 டாலர் என்று பேசி, 23 கொட்டு வாங்கினார். கூலியைச் சரியாகப் பேசிய ஒரே ஆள் என்று இவரைச் சொல்வேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் கேன் ஹாடர். ஜேசனின் ஹாக்கி முகமூடி வந்ததே மூன்றாம் பாகத்தில்தான், 1982ல். அதற்குள் பலர் மாறி மாறிப் போட்டார்கள். ஹாடர் 1988ல் ஏழாம் பாகத்தில் வந்தார், தொடர்ந்து நாலு படம். தோளால் மூச்சு விடுவார். உடம்பு திரும்பிய பிறகுதான் தலை திரும்பும். அவர் ஒரு ஸ்டண்ட் கலைஞர். 1977ல், இருபதுகளின் தொடக்கத்தில், பத்திரிகைக்காரர் ஒருவருக்குத் தீ ஸ்டண்ட் செய்து காட்டப்போய், கட்டுப்பாடு தவறி உடம்பு வெந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அந்த மனுஷன் ஏழாம் பாகத்தில் மறுபடி தீ வைத்துக்கொண்டார். திரையில் ஜேசன் எரிந்துகொண்டே நடந்து வருகிறானே, அது அவர்தான். முதல் தடவை பார்த்தபோது இது எனக்குத் தெரியாது.

2003ல் ஃப்ரெடியும் ஜேசனும் மோதும் படத்துக்கு இங்லண்டைக் கூப்பிட்டார்கள், ஹாடரைக் கூப்பிடவில்லை. கென் கிர்ஸிங்கர் என்ற இன்னொரு ஸ்டண்ட் கலைஞர் வந்தார். முகமூடிக்குள் யார் இருந்தால் என்ன என்பது கணக்கு. ரசிகர்கள் கொதித்தார்கள், எங்களுக்கு அந்தத் தோள் தெரியும். இதில் ஒரு வேடிக்கை: எட்டாம் பாகத்தில் ஜேசன் ஒரு சமையல்காரனைத் தூக்கி எறிவான். எறிந்தவர் ஹாடர், எறியப்பட்டவர் கிர்ஸிங்கர்.

ஆஸ்கர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவே வந்து கேட்டாள், “அந்தப் பாட்டி நடிச்ச படத்தப் போடு பார்ப்போம்.” போட்டேன். முதல் அரை மணி நேரம் பயறு உடைத்துக்கொண்டே பார்த்தாள். லாரி அலமாரிக்குள் ஒளிந்த இடத்தில் முறம் தரையில் இருந்தது. ஹேங்கரை வளைத்து அவன் கண்ணில் குத்தி, அவன் நழுவவிட்ட கத்தியை எடுத்து அவனையே குத்திய லாரி, பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து உட்காருவாள். பின்னால் அந்த உருவம் மெல்ல எழும்.

“அத ஏன்டி கீழ போட்ட!” என்று அம்மா டிவியைப் பார்த்துக் கத்தினாள். “எடுடி! எடு!”